பழைய மாருதி 800-ஐ நம்பி ஓட்டலாமா?

ரிலையபிலிட்டின்னா வேற ஒண்ணும் இல்லைங்க, காலைல சாவிய திருப்புனா ஸ்டார்ட் ஆகணும், நடுரோட்டுல நிக்கக் கூடாது. 1983 டிசம்பர்ல வந்து 2014 வரைக்கும் தயாரிச்ச வண்டி, 796 சிசி, மூணே சிலிண்டர், எடையும் கம்மி, கெட்டுப்போறதுக்கு உள்ள பெருசா எதுவும் இல்ல, அதான் இன்னும் நிறைய பேரு விக்க மனசில்லாம வச்சிருக்காங்க. ஆனா ரப்பர் ஐட்டம் ஓடலைன்னாலும் வயசாயிடும். நம்ம வீட்டு குக்கர் மாதிரி, பாத்திரம் இருபது வருஷம் வரும், கேஸ்கெட்ட மட்டும் மாத்திட்டே இருக்கணும்ல? இங்க அந்த கேஸ்கெட் மாதிரின்னா டைமிங் பெல்ட் (இன்ஜினுக்குள்ள பாகங்கள ஒண்ணா சுத்த வைக்கற ரப்பர் பெல்ட்), ரேடியேட்டர் ஹோஸ் (இன்ஜின குளிர்விக்கற தண்ணி போற ரப்பர் குழாய்). ஹோஸ கையால அமுக்கிப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா உடனே மாத்திடுங்க (செலவும் கம்மிதான்).

அப்புறம், ரிலையபிள்னா சேஃப்னு நிறைய பேரு நினைச்சுக்கறாங்க, அது வேற இது வேற, இதுல ஏர்பேக்கே கிடையாது.