லார்டு எங்கே கிடைக்கும், எப்படி உருக்குவது? வடசென்னைச் சமையலறைக் கேள்விகள்

டிசம்பர் வந்தால் பெரம்பூர், அயனாவரம், ராயபுரம் பக்கம் ஓவன் இருக்கிற வீடுகளில் கேக், கல்கல், ரோஸ் குக்கி என்று வேலை தொடங்கிவிடும். இந்த முறை, கறியையோ பழத்தையோ மாவுக்குள் வைத்து ஓவனில் சுடுகிற மீட் பை, ஆப்பிள் பை, டார்ட் எல்லாம் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் சமையல் குறிப்பில் ‘லார்டு’ என்று வருகிற இடத்தில் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். பன்றிக் கொழுப்பை உருக்கி வடித்த நெய்தான் அது. வீட்டிலேயே பை போட்டு விற்கிறவள் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன.

பெரம்பூரிலிருந்து: அக்கா, லார்டு டப்பாவில் கிடைக்குமா? நாலைந்து சூப்பர் மார்க்கெட்டில் கேட்டுவிட்டேன். ஒருவர் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை!

டப்பாவைத் தேடி அலையாதீர்கள். நம் பக்கத்துக் கடைகளில் அது சாதாரணமாகக் கிடைக்கிற சரக்கு இல்லை. பன்றிக்கறிக் கடைதான் போக வேண்டிய இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கறி போடுகிற கடைகள் நிறைய. அங்கே கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்குகிறவர் குறைவு என்பதால் கறியை விட மலிவாகவே தருவார்கள். கறியும் சேர்த்து வாங்குகிற பழக்கப்பட்ட ஆள் என்றால் சில கடைக்காரர் காசே வாங்க மாட்டார். ஹாம், சாசேஜ் விற்கிற குளிர்பதனக் கடைகளிலும் சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள்.

ஒன்றே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். பண்ணையில் தீனி போட்டு வளர்த்த வெண்பன்றியாக இருக்கட்டும். தெருவில் மேய்ந்த பன்றி வேண்டவே வேண்டாம். ‘எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது?’ என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார்.

அயனாவரத்திலிருந்து: கொழுப்பு என்று கேட்டேன். தோலோடு ஏதோ ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துவிட்டார். என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?

இதில்தான் பாதி விஷயமே இருக்கிறது. பன்றியின் உடம்பில் நமக்கு வேண்டிய கொழுப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, வயிற்றுக்குள்ளே குண்டிக்காயைச் சுற்றிப் படர்ந்திருக்கும் கொழுப்பு. மெல்லிய ஜவ்வு மூடி, தொட்டால் கெட்டியாக, உதிர்கிற மாதிரி இருக்கும். இனிப்பு வகைகளுக்கு இதுதான் வேண்டும். உருக்கினால் வாசனையே தெரியாது, வெள்ளை வெளேரென்று உறையும். மற்றது முதுகுக் கொழுப்பு. தோலுக்கும் கறிக்கும் நடுவே பட்டையாக இருப்பது. கொஞ்சம் இளகல், கொஞ்சம் கறி வாசனை உண்டு. மீட் பைக்கு அது குறையே இல்லை.

குண்டிக்காய்க் கொழுப்பு ஒரு பன்றியில் கொஞ்சம்தான் தேறும். கறி வெட்டும்போதே மற்றதோடு கலந்துவிடுவார்கள். அதனால் சனிக்கிழமையே போய், ‘அண்ணா, நாளைக்குக் குண்டிக்காயைச் சுத்தி இருக்கிற கொழுப்பை அப்படியே தனியா எடுத்து வைங்க’ என்று சொல்லிவிடுங்கள். முதுகுக் கொழுப்பு வாங்கினால் தோலை உரித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக் கத்தியில் தோல் உரிக்கிற பாடு உங்களுக்கு வேண்டாம். குடலோடு ஒட்டிய வலைக் கொழுப்பையும் சேர்த்துக் கட்டப் பார்ப்பார்கள். அதில் வாடை உண்டு, அதை விட்டுவிடுங்கள்.

கொளத்தூரிலிருந்து: போன வருடம் உருக்கியபோது வீடே நாறியது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். இதற்கு என்ன வழி?

இரண்டு காரணம் இருக்கலாம். காயடிக்காத ஆண் பன்றியின் கொழுப்பில் ஒரு மூத்திர வாடை ஏறியிருக்கும். சூடு பட்டால் அது இன்னும் கிளம்பும். உப்பு, எலுமிச்சை எதற்கும் அது போகாது. கடையிலேயே ஒரு சின்னத் துண்டைத் தீக்குச்சியால் சுட்டு முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இன்னொன்று, கொழுப்பில் ரத்தமும் கறித்துணுக்கும் ஒட்டியிருந்தால் அவை கருகி நாறும். உப்புத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்து, காலையில் அலசித் துணியால் ஒற்றி எடுங்கள். கறி ஒட்டிய இடத்தையெல்லாம் செதுக்கிவிடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

தண்டையார்பேட்டையிலிருந்து: உருக்குகிற முறையை முதலிலிருந்து சொல்லுங்களேன். ஒரு கிலோ முதுகுக் கொழுப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

முதலில் ஃபிரீசரில் ஒரு மணி நேரம். நம் ஊர்ச் சூட்டில் கொழுப்பு கத்திக்கு அடியில் வழுக்கும், பாதி உறைந்திருந்தால் பனீர் போல வெட்டலாம். சுண்டைக்காய் அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். கடையில் கொத்துக்கறி மெஷினில் அரைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. துண்டு சிறிதாக இருந்தால் சீக்கிரம் உருகும், சீக்கிரம் உருகினால் நிறம் ஏறாது.

அடி கனமான பாத்திரத்தில் கொழுப்பைப் போட்டு அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். நெய் விட ஆரம்பிக்கும் முன் அடி பிடிக்காமல் காப்பது அந்தத் தண்ணீர்தான். அடுப்பைச் சிம்மில் வையுங்கள். முதலில் பால் மாதிரி கலங்கலாக இருக்கும். அரை மணி, முக்கால் மணி கழித்துத் தெளிய ஆரம்பிக்கும். அதுவரை சடசடவென்று வந்துகொண்டிருந்த சத்தம் மெல்ல அடங்கும். தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் மிச்சமிருந்தால் லார்டு சீக்கிரம் கெடும், அதனால் சத்தம் அடங்குமுன் அவசரப்பட வேண்டாம்.

துண்டுகள் இன்னும் வெளுப்பாகவே இருக்கும்போது முதல் வடிப்பை எடுத்துவிடுங்கள். வடிகட்டியில் வெள்ளை மல் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு வடியுங்கள். இது பை மாவுக்கு. மிச்சத்தை மறுபடி அடுப்பில் வைத்தால் துண்டுகள் பொன்னிறமாகி மேலே மிதக்கும். அப்போது வடிப்பது இரண்டாம் தரம், வறுவலுக்கும் உருளைக்கிழங்குக்கும் ஆகும். இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றினால் முதல் வடிப்பை எடுத்ததே வீண். ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ அளவில் தேறினால் கொழுப்பு நன்றாக இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டர் இருந்தால் 120 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். ஓவன்காரர்கள் 110 டிகிரியில் மூடாமல் வைத்துவிட்டு நடுநடுவே கிளறினால் போதும், அடுப்படியில் நிற்கவே வேண்டாம்.

அதே தண்டையார்பேட்டையிலிருந்து: குக்கரில் விசில் விட்டு எடுக்கலாமா?

வேண்டாம். தண்ணீர் வெளியேற வேண்டிய வேலையில் மூடி போட்டு என்ன பயன்?

திருவொற்றியூரிலிருந்து: என் லார்டு மணல் மணலாக உறைந்துவிட்டது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. மெதுவாக ஆறினால் பெரிய மணியாகத்தான் உறையும். பசுநெய்யில் அதைத்தான் நாம் ஆசைப்பட்டுப் பார்ப்போம், பை மாவில் அது வேண்டாம். மறுபடி லேசாக உருக்கி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கெட்டியாகும் வரை கிளறுங்கள். வெண்ணெய் மாதிரி வழவழவென்று வரும். பிறகு ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வாய்வரை நிரப்பி ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள். காற்றும் வெளிச்சமும் பட்டால் சிக்கு வாடை வரும். ஃபிரிட்ஜில் மூன்று நான்கு மாதம் தாங்கும். ஃபிரீசரில் ஒரு வருடம்.

மாதவரத்திலிருந்து: குறிப்பில் 100 கிராம் வெண்ணெய் என்று இருந்தால் லார்டும் அதே 100 கிராமா?

இல்லை, 80 கிராம் போதும். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம்தான், மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர். லார்டு முழுக்கக் கொழுப்பு. குறைகிற தண்ணீரை மாவு பிசையும்போது ஒரு கரண்டி கூட்டிச் சரிசெய்யுங்கள். உப்பு போட மறக்காதீர்கள், லார்டில் உப்பே கிடையாது.

என்னைக் கேட்டால் பாதி வெண்ணெய், பாதி லார்டு. ருசிக்கு வெண்ணெய், பொறுபொறுப்புக்கு லார்டு. முழு லார்டில் ஆப்பிள் பை போட்டால் அடுக்கடுக்காக உதிரும், ஆனால் மாவுக்கென்று ஒரு ருசி இருக்காது.

எண்ணூரிலிருந்து: எங்கள் வீட்டில் ஏ.சி. கிடையாது. மாவில் கலக்கும்போதே லார்டு உருகி எண்ணெயாகிவிடுகிறது. நம் ஊரில் இது நடக்கிற காரியமா?

நடக்கும், ஆனால் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். முதுகுக் கொழுப்பு லார்டு 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். குண்டிக்காய்க் கொழுப்பு 40 டிகிரிக்கு மேலும் தாங்கும். மாவுக்குள் கொழுப்பு துண்டு துண்டாகத் தங்கினால்தான் ஓவனில் அது உருகி, நீராவி மாவை அடுக்காகத் தூக்கும். முன்னாடியே உருகி மாவில் ஊறிவிட்டால் அடுக்கு வராது, பிஸ்கட்தான் வரும்.

டிசம்பர், ஜனவரி விடியற்காலை உங்களுக்குத் தோதான நேரம். 250 கிராம் மைதாவை முதல் நாள் இரவே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். 125 கிராம் லார்டை உறைய வைத்துத் தேங்காய் துருவுவது போல மாவின் மேலேயே துருவுங்கள். விரல் நுனியால் லேசாகப் புரட்டி, நாலு மேஜைக்கரண்டி ஐஸ் தண்ணீர் தெளித்துத் திரட்டினால் போதும். பரோட்டா மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் ரப்பராகிவிடும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துத் தேய்த்து, 200 டிகிரியில் சுடுங்கள்.

மே மாதத்திலும் பை வேண்டும் என்றால் வெந்நீர் மாவுக்கு மாறிவிடுங்கள். இங்கிலாந்தில் மெல்டன் மோப்ரே ஊர் போர்க் பை இந்த மாவில்தான் செய்வது. நம் வெயிலுக்கென்றே யாரோ யோசித்து வைத்தது போல இருக்கும். 200 மில்லி தண்ணீரில் 150 கிராம் லார்டைப் போட்டுக் கொதிக்க வைத்து, உப்புக் கலந்த 450 கிராம் மைதாவில் அப்படியே கொட்டிக் கரண்டியால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசைந்து, சூடு ஆறுமுன் டின்னுக்குள் கையாலேயே அழுத்திப் பரப்புங்கள். அடுக்கடுக்காக வராது, ஆனால் கெட்டியாக, மொறுமொறுவென்று நிற்கும். பொடியாக நறுக்கிய பச்சைக் கறியை உப்பு, நிறைய மிளகோடு பிசைந்து உள்ளே வைத்து, மேலே மாவால் மூடி, ஆவி போக ஓட்டை போடுங்கள். 200 டிகிரியில் அரை மணி, பிறகு 170-இல் ஒரு மணி நேரம்.

புளியந்தோப்பிலிருந்து: பேக்கரி பப்ஸ் மாதிரி லார்டில் வருமா?

வராது. பேக்கரியில் பப்ஸுக்கென்றே, சீக்கிரம் உருகாத மார்ஜரின் போடுகிறார்கள். லார்டு அந்த மடிப்புக்கெல்லாம் நம் ஊரில் தாங்காது.

ராயபுரத்திலிருந்து: எங்கள் வாசலில் இரண்டு முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்குப் பலகாரத் தட்டு அவர்களுக்கும் போகும். லார்டு வேண்டாம் என்றால் எதைப் போடுவது?

தட்டில் போகிற எதிலும் லார்டு இருக்கக் கூடாது. ‘ஒரு கரண்டிதானே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த டின், சப்பாத்திக் கட்டை, பிரஷ் எல்லாம்கூடத் தனியாக இருக்கட்டும். பிரஷ்ஷின் மயிரில் ஒட்டிய கொழுப்பு எத்தனை கழுவினாலும் முழுசாகப் போகாது.

பதிலுக்கு வெண்ணெய்தான் முதல். ஹலால் கடையில் மாட்டின் குண்டிக்காய்க் கொழுப்பு வாங்கி இதே முறையில் உருக்கலாம். லார்டை விடக் கெட்டியாக உறையும், அதனால் மீட் பைக்கு நன்றாகவே பொருந்தும். ஆறிப்போனால் வாயில் மெழுகாக ஒட்டும், சுடச்சுடச் சாப்பிட வேண்டும். ஆட்டுக் கொழுப்பு இனிப்புக்கு ஆகாது. தேங்காய் எண்ணெயைச் சிலர் சொல்கிறார்கள். அது 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊரில் அது எப்போது உறைந்து நின்றது!

வியாசர்பாடியிலிருந்து: லார்டு சாப்பிட்டால் இதயத்துக்கு ஆகாது, டால்டாவே மேல் என்கிறார் என் மாமியார்.

லார்டில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 40 சதவீதம், வெண்ணெயில் சுமார் 50. கொலஸ்ட்ராலும் லார்டில் வெண்ணெயை விடக் குறைவுதான். அதற்காக லார்டு ஆரோக்கிய உணவு ஆகிவிடாது. 100 கிராமில் 900 கலோரி இருக்கிறது. டால்டா போன்ற வனஸ்பதியில் பழைய பயம், இதயத்துக்குக் கெடுதல் செய்கிற டிரான்ஸ் கொழுப்பு. 2022-லிருந்து அதற்கு 2 சதவீதம் என்று உச்சவரம்பு இருக்கிறது. மாமியாரிடம் சண்டை வேண்டாம். பை தினமும் சாப்பிடுகிற பண்டம் இல்லை, பண்டிகைக்கு ஒரு துண்டு போதும். டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் வெண்ணெய், லார்டு, டால்டா மூன்றையும் குறைக்க வேண்டியதுதான்.

பெரம்பூரிலிருந்து இன்னொருவர்: வடித்த பிறகு நிற்கிற பொரிந்த துண்டுகளை என்ன செய்வது?

சூடாக இருக்கும்போதே உப்பும் மிளகாய்த்தூளும் தூவுங்கள். அடுப்படியில் நிற்கிறவர்களே முடித்துவிடுவார்கள்.

மாதவரத்திலிருந்து மறுபடியும்: வீட்டில் செய்து விற்கப் போகிறேன். லார்டு போட்டது என்று சொன்னால் வியாபாரம் போகுமே?

போகட்டும். ‘பன்றிக் கொழுப்பு சேர்த்தது’ என்று டப்பாவின் மேலேயே தமிழில் எழுதுங்கள், அசைவக் குறியும் போடுங்கள். உள்ளே ஆப்பிள்தான் இருக்கிறது என்பதால் அது சைவம் ஆகாது. ஆப்பிள் பையை யாரும் கேட்காமல் வாயில் போடுவார்கள், அதனால் அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். ஆர்டர் எடுக்கும்போதே ‘வெண்ணெயா, லார்டா?’ என்று கேட்டுவிடுங்கள். தேடி வருகிற ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் கோவாக்காரர்களும் லார்டு என்றே கேட்டு வாங்குவார்கள்.

திருவொற்றியூரிலிருந்து கடைசியாக: பாத்திரம் கழுவின பிறகு சிங்க் அடைத்துக்கொண்டது!

வெந்நீர் ஊற்றித் தள்ளிவிடலாம் என்று பார்க்காதீர்கள், குழாயில் கொஞ்ச தூரம் போய் அங்கே உறைந்துகொள்ளும். சிங்க் அடியில் இருக்கும் வளைவைக் கழற்றி, கட்டியைக் குச்சியால் எடுத்துக் குப்பையில் போடுங்கள். இனிமேல் கழுவுமுன் பாத்திரத்தை மைதா தூவிய பழைய காகிதத்தால் துடைத்துவிடுங்கள்.