வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம்

கேள்வி: கணவரின் வேலைக்காக லக்சம்பர்க் வந்திருக்கிறோம். நான்கரை வயது மகள் அரசுப் பள்ளியில் மழலையர் வகுப்புக்குப் போகிறாள். வீட்டில் தமிழில் ஓயாமல் பேசுபவள், வகுப்பில் மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை. அங்கே முதலில் லக்சம்பர்கிஷ், பிறகு ஜெர்மன், பிறகு பிரெஞ்சு என்கிறார்கள். தமிழை விட்டுவிட்டு வீட்டிலும் பிரெஞ்சு பேசச் சொல்கிறார்கள் தெரிந்தவர்கள். என்ன செய்வது?

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள். இந்த ஒரு முடிவை அவசரத்தில் எடுத்துவிட்டுப் பிறகு வருந்திய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புது மொழிக்கு நடுவே வந்து விழும் சிறு பிள்ளைகள் பலர் சில வாரங்கள், ஏன், சில மாதங்கள்கூடப் பேசாமல் இருப்பதுண்டு. அந்த நாட்களில் அவர்கள் சும்மா இருப்பதில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியையிடம் “இன்று பேசினாளா?” என்று கேட்காதீர்கள். குளிர்கோட்டு மாட்டச் சொன்னால் மாட்டுகிறாளா, பாட்டுக்குக் கையசைக்கிறாளா, மற்ற பிள்ளைகளின் பக்கத்தில் போய் உட்காருகிறாளா என்று கேளுங்கள். ‘ஆம்’ என்றால் மொழி உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த வகுப்பில் உங்கள் மகள் தனி ஆளும் அல்ல. ஏழு லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டவர். அவர்களில் போர்த்துகீசியரே அதிகம். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்பது அங்கே அன்றாட வாழ்க்கை. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் லக்சம்பர்கிஷைத் தேசிய மொழி ஆக்கியது. ஆனால் சட்டங்கள் எழுதப்படுவது பிரெஞ்சில். பிள்ளைகள் ஆறு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குவது வழக்கமாக ஜெர்மனில். இதைக் கேட்டு மலைக்காதீர்கள். லக்சம்பர்கிஷும் ஜெர்மனும் நெருங்கிய உறவு மொழிகள். வீட்டில் பேச்சுத் தமிழ் பேசி, புத்தகத்தில் எழுத்துத் தமிழ் படித்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு அந்நியமானதல்ல.

பிரெஞ்சு வழியாக எழுத்தறிவு தரும் முயற்சி 2022-இல் நான்கு பள்ளிகளில் தொடங்கியது. 2026-27 முதல் அதை நாடெங்கும் விரித்து, பெற்றோரே தேர்ந்தெடுக்க வழிசெய்வதாக அறிவித்திருக்கிறார்கள். அந்த முடிவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் அவள் லக்சம்பர்கிஷை நன்றாகப் பிடித்துக்கொண்டால் ஜெர்மன் வழியையே நான் சொல்வேன். உங்களில் ஒருவருக்கு நல்ல பிரெஞ்சு இருந்து, அவளும் அந்தப் பக்கம் சாய்ந்தால் பிரெஞ்சு.

வீட்டில் பிரெஞ்சு ஏன் வேண்டாம்? சில மாதம் படித்த பிரெஞ்சில் நீங்கள் அவளிடம் என்ன பேச முடியும்? வா, சாப்பிடு, தூங்கு. தமிழில் என்றால், ஜன்னல் கண்ணாடியில் ஏன் நீர் படிகிறது என்று அவள் கேட்கும்போது கொதிக்கும் ரசத்தின் மேல் தட்டை மூடிக் காட்டி விளக்குவீர்கள். ஏன், அதனால், அதற்கு முன் என்று அவள் இன்று தமிழில் கோத்துப் பழகுவதெல்லாம் நாளை ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் கைகொடுக்கும். மொழிகளைக் கலந்து பேசினாலும் கவலை வேண்டாம். கையில் இருக்கும் சொல்லை எடுக்கிறாள், அவ்வளவுதான்.

ஓர் இடத்தில் மட்டும் தடுக்கும்: எண்கள். ஜெர்மனில் 24 என்பது ‘நான்கும் இருபதும்’. முதலில் காதில் விழுவது நான்கு, ஆகவே பிள்ளை 42 என்று எழுதிவிடும். பிரெஞ்சில் 94 என்றால் ‘நான்கு இருபது, பதினான்கு’. தொடக்கப் பள்ளியில் ஜெர்மனில் கணக்குப் போட்ட பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் அதே கணக்கைப் பிரெஞ்சில் போடுகிறார்கள். தமிழின் ‘இருபத்து நான்கு’ எழுதும் வரிசையிலேயே ஒலிக்கிறது. புளியங்கொட்டையோ மொச்சையோ எடுத்து, பத்துப் பத்தாகக் குவித்துத் தமிழில் எண்ணப் பழக்குங்கள். பிற்பாடு தவறாக எழுதினால் திட்டாமல், எந்த மொழியில் மனதில் சொன்னாள் என்று கேளுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? தமிழிலேயே வாக்கியங்கள் சரியாக வராவிட்டால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், தாமதிக்காமல் செவித்திறனைச் சோதியுங்கள். அப்படிப்பட்ட தாமதத்துக்குப் பல மொழிகள் காரணமல்ல. வீட்டில் கலகலவென்று பேசுபவள் பள்ளியில் இன்னும் சில மாதம் கழிந்தும் ஒரு சொல்கூடப் பேசாமல், பயத்தில் உறைந்து நின்றால் குழந்தை மருத்துவரிடம் சொல்லிப் பேச்சுப் பயிற்சி நிபுணரைப் பாருங்கள்.

நீங்கள் கற்க வேண்டிய மொழியும் ஒன்று உண்டு. நாளைக் காலை வகுப்பு வாசலில் ஆசிரியைக்கு லக்சம்பர்கிஷில் ‘மொயென்’ என்று வணக்கம் சொல்லுங்கள். அந்த வாரம் பாடும் பாட்டின் வரிகளைக் கேட்டு வாங்கி வாருங்கள். மாலையில் அதை நீங்கள் தப்பும் தவறுமாகப் பாடினால், திருத்துவதற்காகவாவது அவள் வாய் திறப்பாள்.