மூன்றே சுரத்தில் ஒரு பயம்

கேள்வி: பிளாக் சபாத் ராக் குழுவின் முதல் மூன்று ஆல்பங்கள் எனக்கு உயிர். வீணை பயின்ற என் அக்கா, "வெறும் இரைச்சல், இதில் வாசிப்பு எங்கே இருக்கிறது?" என்கிறார். என்ன பதில் சொல்வது?
- வாசகர், திருச்சி

பதில்: முதல் ஆல்பத்தின் முதல் பாடலைப் போட்டுக் காட்டுங்கள். சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம்; மூன்றே சுரம். அந்த மத்யமத்தைக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி அசைத்து வாசிப்பதை வீணை கேட்ட காது உடனே பிடித்துக்கொள்ளும். இடக்கைப் பழக்கம் உள்ள அயோமி, தந்தியை அழுத்துவது வலக்கையால். பதினேழு வயதில், பர்மிங்காமில் ஓர் உலோகத் தகட்டு ஆலையில், அந்தக் கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தானே நுனியுறைகள் செய்து, தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மறுபடி வாசித்தார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாடல்களுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு இதமானது, நாதம் கனத்தது. பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் அந்தக் கனத்தைத்தான் தேடி ஓடின.

டிரம்ஸ் வாசித்த பில் வார்ட், ஜீன் க்ரூபா போன்ற ஜாஸ் கலைஞர்களைக் கேட்டு வளர்ந்தவர். 1970இன் 'வார் பிக்ஸ்' பாடலில் கிட்டாரும் பேஸும் (தாழ்ந்த நாதம் தரும் பேஸ் கிட்டார்) இரண்டே அடி அடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ஆஸி ஆஸ்போர்ன் வரியைப் பாடி முடிக்கும்வரை ஹை-ஹாட் எனும் டிரம்ஸின் ஜோடித் தாளத்தகடுகளின் தட்டல் மட்டுமே காலத்தைப் பிடித்திருக்கிறது. பிறகு எல்லோரும் ஒன்றாக இறங்குகிறார்கள், மயிரிழைகூடப் பிசகாமல். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் சிலிர்க்கிறது.

முதல் ஆல்பத்தை அவர்கள் 1969 அக்டோபரில், லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மேடையில் வாசித்து வாசித்து ஊறிய கைகளுக்குத்தான் அது முடியும். அதில் 'வார்னிங்' பாடலின் நீண்ட கிட்டார் பகுதி சற்று இழுவைதான்; அக்காவுக்கு அதை முதலில் போட வேண்டாம். 'என்.ஐ.பி.'யைப் போடுங்கள். அதன் தொடக்கத்தில் கீசர் பட்லர் நாதத்தை 'வா-வா' என்று குரல்போல் மாற்றும் வா-வா பெடலை மிதித்தபடி தனியாக பேஸ் வாசிக்கிறார். தாளக்கட்டு கிட்டாரிலிருந்து பேஸுக்கு மாறியவர் அவர். அதனால்தான் அந்தத் தந்திகளை அப்படி வளைத்துப் பேசவைக்கிறார்.