வானத்து வெளிச்சங்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

முட்டம் வாசகர் ஒருவர்: போன மாதம் ராத்திரித் தொழிலுக்குப் படகு இறக்கிக்கொண்டிருந்தோம், ஏழு மணி இருக்கும். மேற்கே கடலுக்கு மேலிருந்து இருபது முப்பது வெளிச்சம் ஒரே வரிசையாகக் கிளம்பி, சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே வந்து, ஒவ்வொன்றாக அணைந்துபோனது. கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். என்னது அது?

பதில்: நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் ஸ்டார்லிங்க். இணைய வசதிக்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2019 மே மாதத்திலிருந்து கொத்துக் கொத்தாக ஏவிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள். ஏவிய முதல் சில நாட்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே தடத்தில் போகும், அப்புறம் மெல்ல மேலே ஏறி விலகிவிடும், அதனால் இன்று போய்த் தேடினால் அந்த வரிசை கிடைக்காது. வெளிச்சம் அவற்றுடையது இல்லை, வெயில்தான். நமக்குச் சூரியன் கடலில் இறங்கி இருட்டிய பிறகும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கிழக்கே போகப் போக பூமியின் நிழலுக்குள் நுழைகிறது, முதலில் போனது முதலில் அணைகிறது.

தக்கலை ஆசிரியை: பொதுமக்கள் இப்படிச் சொல்வதை எந்த அரசாவது ஒழுங்காக விசாரித்ததுண்டா, இல்லை சிரித்து அனுப்பிவிடுவார்களா?

பதில்: இரண்டும் நடந்திருக்கிறது டீச்சர், சில சமயம் ஒரே ஆபீஸில். அமெரிக்க விமானப்படை 1952-ல் தொடங்கிய 'புளூ புக்' திட்டம் 1969 வரை ஓடியது. 1947-லிருந்து வந்த தகவல்களையும் சேர்த்து மொத்தம் 12,618. பெரும்பாலானவை நட்சத்திரம், கோள், விமானம், பலூன் என்று முடிந்துபோக, 701 மட்டும் 'அடையாளம் தெரியவில்லை' என்று நின்றது. அந்த 701-ஐ வைத்துத்தான் இன்றைக்கும் பல யூடியூப் சேனல்கள் பிழைக்கின்றன. அடையாளம் தெரியவில்லை என்றால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். வேற்றுக்கிரகத்து ஆள் வந்தார் என்று அந்தக் கோப்பு எதுவும் சொல்லவில்லை.

அந்த 'புளூ புக்' திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தவர் ஆலன் ஹைனெக் என்ற வானியலாளர். 1966-ல் மிச்சிகன் மாநிலத்தில் கல்லூரி மாணவிகள் உட்பட ஏகப்பட்ட பேர் வெளிச்சம் பார்த்ததாகச் சொல்ல, இவர் போய்ப் பார்த்துவிட்டு அதில் சிலவற்றுக்குச் சதுப்பு நில வாயு காரணமாக இருக்கலாம் என்றார். நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்போமே, அதேதான். பத்திரிகைகள் கேலி செய்தன, பார்த்தவர்களுக்குக் கோபம். அந்த மாநிலத்து எம்.பி. ஜெரால்ட் ஃபோர்டு, பின்னாளில் ஜனாதிபதியானவர், நாடாளுமன்ற விசாரணையே கேட்டார். எனக்கென்னவோ அங்கே பிசகியது அறிவியல் அல்ல, சொன்ன விதம்தான். ஒருவர் கண்ணால் கண்டதை ஒரு வரியில் தள்ளிவிட்டால் அடுத்து வருகிறவர் வாயே திறக்க மாட்டார்.

பிரான்ஸ் நாட்டில் இதைப் பார்க்கவென்று விண்வெளி நிறுவனத்துக்குள்ளேயே 1977 முதல் ஒரு பிரிவு இருக்கிறது. வருவதை நான்காகப் பிரிக்கிறார்கள்: காரணம் தெரிந்தது, ஏறக்குறைய தெரிந்தது, முடிவு செய்யத் தகவல் போதாதது, போதுமான தகவல் இருந்தும் விளங்காதது. இந்த மூன்றாவதையும் நான்காவதையும் கலக்காமல் வைத்திருக்கிறார்களே, அதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். கோப்புகளையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2012-13-ல் லடாக் எல்லையில் ராணுவத்தினர் ராத்திரி ராத்திரி மர்ம வெளிச்சங்களைப் பார்த்துச் சீன உளவு விமானம் என்று சந்தேகப்பட்டு, நூற்றுக்கணக்கில் குறித்து வைத்தார்கள். கடைசியில் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் பார்த்துச் சொன்னது: ஒன்று வெள்ளி, இன்னொன்று வியாழன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இருட்டில் தனியாகத் தெரியும் ஒரு புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் யார் கண்ணுக்கும் அது நகர்வதுபோலத் தோன்றும். பக்கத்தில் ஒரு தென்னை மட்டையையோ கரண்டு கம்பத்தையோ ஒட்டிவைத்துப் பாருங்கள், நின்றுவிடும்.

மார்த்தாண்டம் கல்லூரி மாணவர்: அரசாங்கங்கள் உண்மையை மறைக்கின்றன என்கிறார்களே?

பதில்: மறைத்ததுண்டு தம்பி. 1947-ல் அமெரிக்காவின் ராஸ்வெல்லில் பறக்கும் தட்டு விழுந்ததாக வந்த கதையில், வானிலை பலூன் என்றுதான் பல்லாண்டு சாதித்தார்கள். 1994-ல் விமானப்படையே ஒப்புக்கொண்டது: சோவியத் அணுகுண்டுச் சோதனையை ஒட்டுக்கேட்க விட்ட ரகசிய பலூன் வரிசையின் சிதைவு. நாசா அமைத்த குழு 2023-ல் தந்த அறிக்கையும் வேற்றுக்கிரகச் சான்று எதுவும் இல்லை, உருப்படியான தகவல் சேகரிப்பு இல்லாததே பெரிய குறை என்றது.

நாகர்கோவில் மூத்த வாசகர்: 1963 வாக்கில் ஒரு சாயங்காலம் மேற்கு வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் புகை மாதிரி பரவியது. வீட்டில் சாமி கும்பிட்டார்கள். யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.

பதில்: நான் நம்புகிறேன் ஐயா. 1963 நவம்பர் 21 மாலை தும்பாவிலிருந்து, நம் மண்ணிலிருந்து கிளம்பிய முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் போனது. மேலே காற்று எப்படி வீசுகிறது என்று பார்க்க அது சோடியம் ஆவியை விட்டது, மறைந்த சூரியனின் ஒளி பட்டு அது மின்னியது. தும்பா திருவனந்தபுரத்துக்குப் பக்கம்தானே, நாகர்கோவிலுக்குத் தெரியாமல் இருக்குமா? பேரப்பிள்ளைகளிடம் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழி வாசகி: மலையோரம் சிவப்பு விளக்குகள் விட்டு விட்டு எரிகின்றன.

பதில்: காற்றாலை அம்மா.

குளச்சல் வாசகர்: அடுத்த தடவை பார்த்தால் என்ன செய்ய? யாரிடம் சொல்ல?

பதில்: முதலில் மணியைப் பாருங்கள். அப்புறம் திசை. கடலில் இடம் குறிக்க மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வைத்துப் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அதே கண்தான் வேண்டும். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை, தொடுவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். போனில் ஜூம் செய்து எடுத்த வீடியோ பெரும்பாலும் உதவாது, ஃபோகஸ் போனால் எந்தப் புள்ளியும் தட்டு மாதிரித்தான் தெரியும். பக்கத்து வீட்டுக் கூரையோ படகின் கொம்போ படத்தில் வரும்படி எடுங்கள்.

ட்ரோன், சந்தேகமான படகு என்றால் கடலோரப் போலீஸுக்கு 1093. ஆனால் கடலில் சிவப்பு வெளிச்சம் ஒன்று சட்டென்று மேலே போய், அரை நிமிடத்துக்கு மேல் எரிந்துகொண்டே மெதுவாக இறங்கினால் பறக்கும் தட்டா என்று பேசிக்கொண்டு நிற்காதீர்கள். ஆபத்தில் இருக்கிற படகு விடும் பாராசூட் வாணமாக இருக்கலாம். உடனே கடலோரக் காவல்படைக்கு, 1554.