பெட்டிக்குள் இருப்பது ரசப்பொடியா, சாம்பார் பொடியா?

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் மசாலாப்பொடி பேக்கிங் லைன் பார்க்கிறேன். பாக்கெட்டும் அட்டைப்பெட்டியும் ஒரே சரக்குதானா என்று ஒப்பிட கன்வேயரில் பார்கோடு ரீடர் மாட்டினோம். முதல் நாளே எல்லாப் பெட்டியையும் ‘பொருந்தவில்லை’ என்று தள்ளிவிட்டது. சூப்பர்வைசர் அண்ணன் 890-இல் தொடங்கி 7 இலக்கம் மட்டும் ஒப்பிடும்படி மாற்றினார். அப்புறம் ஒரு பெட்டிகூட ரிஜெக்ட் ஆகவில்லை. இப்படியே ஓட்டலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: ஓட்டாதீர்கள், இன்றைக்கே மாற்றுங்கள். 890 என்பது இந்தியாவில் வழங்கும் எண்களின் முன்னொட்டு, அதை அடுத்து வருவது உங்கள் கம்பெனிக்கான எண், சாம்பார் பொடியா ரசப்பொடியா என்பதைச் சொல்லும் இலக்கங்கள் அதற்கும் பின்னால்தான் வருகின்றன. அண்ணன் வைத்த விதி ‘இது நம்ம கம்பெனி சரக்கா’ என்று மட்டும்தான் கேட்கிறது. ரசப்பொடி பெட்டிக்குள் சாம்பார் பொடி போனாலும் ஓகே என்றுதான் சொல்லும்.

முதல் நாள் ஏன் தள்ளியது? பாக்கெட்டில் இருப்பது 13 இலக்கம், பெட்டியில் 14. உதாரணத்துக்கு, பாக்கெட்டில் 8901234567890 என்று இருந்தால் அதன் பெட்டியில் 18901234567897 என்று இருக்கும். முன்னால் சேர்ந்த 1 பேக்கிங்கின் நிலையை, அதாவது இது தனிப் பாக்கெட் இல்லை, பெட்டி என்பதைக் குறிப்பது, அது சேர்ந்ததால் கடைசியில் வரும் சோதனை இலக்கமும் (முந்தைய இலக்கங்களை வைத்துக் கணக்கிடுவது) 0-இலிருந்து 7 ஆகிவிட்டது. முழு எண்ணையும் ஒப்பிட்டால் எந்தக் காலத்திலும் பொருந்தாது. பெட்டியின் 2 முதல் 13 வரையிலான இலக்கங்களை, பாக்கெட்டின் 1 முதல் 12 வரையிலான இலக்கங்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள், அவ்வளவுதான். பாக்கெட்டில் க்யூஆர் கோடும் அச்சாகியிருந்தால் ரீடர் எந்த வகைக் கோடைப் படிக்க வேண்டும் என்பதையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சில நேரம் அதைப் படித்துவிட்டு நல்ல சரக்கைத் தள்ளும்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ‘படிக்க முடியவில்லை’, ‘வேறு சரக்கு’ என்ற இரண்டுக்கும் ஒரே சிவப்பு விளக்கு வைக்காதீர்கள். லேபிள் கசங்கித்தான் எரிகிறது என்று பழகிப்போன கை, தப்பான பாக்கெட்டையும் எடுத்துத் திரும்ப லைனில் வைத்துவிடும். தனித்தனி சிக்னல் கொடுங்கள். இதில் ருசி மட்டும் பிரச்சினை இல்லை, பொடியில் சேர்க்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் உறையில் அச்சடித்ததை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

மாற்றிய பிறகு, ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும், சரக்கு மாறும்போதும், சாம்பார் பொடி ஓடும் லைனில் வேண்டுமென்றே ஒரு ரசப்பொடி பாக்கெட்டையும், பார்கோடை மறைத்து ஒட்டிய பாக்கெட் ஒன்றையும் விட்டுப் பாருங்கள். முன்னது ‘வேறு சரக்கு’ என்றும் பின்னது ‘படிக்க முடியவில்லை’ என்றும் வெளியே வந்தால்தான் லைனை ஓட்டலாம்.