அண்ணன் எவ்வளவு போடுவது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளுக்கு காமெட்கே (கர்நாடகத் தனியார் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) மூலம் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது, ஃபீஸ் மட்டும் வருடத்துக்கு 2.5 லட்சம். கணவர் ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருடம். மகனுக்குத் தை மாதம் கல்யாணம். "தங்கச்சி படிப்பை அண்ணன் பார்த்துக்க மாட்டானா?" என்கிறார் கணவர். என் அண்ணன் 1 லட்சம் தருவதாகச் சொல்கிறார். நகையை அடகு வைக்கட்டுமா?

பதில்: நகையை விடுங்கள். அது அவசரத்துக்கு இருக்கட்டும், கணவரின் பிஎஃப் பணத்தையும் தொடாதீர்கள்.

முதலில் மகளையும் உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள். நாலு வருடத்துக்கு 10 லட்சம். இதில் 7.5 லட்சத்தை மகள் பெயரில் கல்விக் கடனாக எடுங்கள், கணவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடட்டும், அந்தத் தொகை வரை பொதுவாக வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதை அப்போதைக்கப்போதே கட்டிவிடுவது நல்லது. வட்டி 10 சதவீதம், கடனை நாலு வருடத்துக்கும் சமமாக வாங்குகிறீர்கள் என்று வைத்தால், முதல் வருடம் மாதம் சுமார் 1,560 ரூபாய், நாலாவது வருடம் 6,250. இதைக் கணவர் கட்டட்டும், பழைய வரி முறையில் இருந்தால் அவருக்கு அந்த வட்டிக்கு வரிவிலக்கு உண்டு (மகன் கட்டினால் அந்தச் சலுகை கிடைக்காது). அசலை வேலைக்குப் போனதும் மகள் அடைக்கட்டும். அவள் படிப்புக்கு அவளும் பொறுப்பு ஏற்பதில் தப்பே இல்லை.

மீதி 2.5 லட்சத்தில் உங்கள் அண்ணன் தருவது 1 லட்சம். ஆனால் வாங்கும்போதே, "இது சீராண்ணா, இல்ல திருப்பித் தரணுமா?" என்று கேட்டுவிடுங்கள். மொய் நோட்டில் ஐந்நூறு ரூபாயைக்கூட எழுதி வைக்கிற நாம் இதை எழுதாமல் விட்டால், நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் மனஸ்தாபம் வரும்.

இப்போது மகன். மாதம் 3,000 ரூபாய், 48 மாதம், அதோடு முடிந்தது என்று அவனிடம் பேசி முடிவு செய்யுங்கள். மிச்சமிருக்கிற ஆறாயிரம் சொச்சத்தையும் புத்தகச் செலவையும் நீங்கள் சமாளித்துவிடலாம். கணவர் நினைக்கிற மாதிரி எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டினால், தை மாதம் வரப்போகிற மருமகள் ஒவ்வொரு மாதமும் சம்பளம் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள், அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கும், நடுவில் அவன்தான் மாட்டிக்கொள்வான். அதனால் இந்த 3,000 விஷயத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தப் பெண்ணிடம் அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். தங்கைக்குச் செய்ய அவனுக்கும் ஆசை இருக்கும், ஆனால் அப்பா இருக்கும்போது அவனை இன்னொரு அப்பாவாக்க வேண்டாம்.

குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 2024இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வட்டியில் 3 சதவீதச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். அட்மிஷன் கடிதத்தோடு, நாலு வருட ஃபீஸ் விவரத்தையும் கல்லூரி லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொண்டு இந்த வாரமே வங்கிக்குப் போங்கள், ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கும்போது போனால் கடன் கைக்கு வருவதற்குள் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும்.