அழித்தாலும் திரும்ப எரியும் என்ஜின் விளக்கு

நண்பருக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்துச் சாலைகளில் ஓட்டும்போது எரியாத விளக்கு, ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் போய்வந்ததும் எரிகிறது என்றும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் பி0420 என்ற பழுதுக் குறியீட்டைப் பலமுறை அழித்தும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அழிக்கும்போது வண்டியிலுள்ள கணினியின் பதிவு மட்டுமே நீங்குகிறது, பழுது நீங்குவதில்லை; மேலும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கணினி சோதிக்க வேண்டுமானால் என்ஜின் நன்கு சூடேறி, வண்டி சீரான வேகத்தில் சற்று நேரம் ஓட வேண்டும் என்பதால், குறுகிய ஓட்டங்களில் அந்தச் சோதனை முடிவதே இல்லை.

பட்டறையில் சொன்னபடி உடனே கன்வர்ட்டரை மாற்றிவிடாதீர்கள், அது விலை கூடிய பொருள். முதலில் புகைக்குழாயைப் பாருங்கள். செம்மண் சாலையில் குலுங்கி ஓடும் பழைய வண்டியில் குழாயின் இணைப்பும் கேஸ்கெட்டும் விரிசல் விடக்கூடும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு அருகில் அவ்வாறு வெளிக்காற்று புகுந்தால் அதன் அளவீடு பிழையாகிவிடும். காலையில் குளிர்ந்த என்ஜினை முடுக்கி, டிக் டிக் என்ற சத்தமோ இணைப்பில் கரிப்படிவோ தென்படுகிறதா என்று கவனியுங்கள். ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் ஆகியவற்றையும் சோதியுங்கள்.

இவை சரியாக இருந்தால், சூடான என்ஜினைச் சீரான சுழற்சியில் வைத்து, கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட் அளவை, குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பாருங்கள். அது பெரிதும் அசையாமல் நின்றால் கன்வர்ட்டர் நலமாக உள்ளது. கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரைப் போலவே ஏறி இறங்கினால்தான் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். விளக்கு எப்போதாவது விட்டு விட்டு மின்னினால் மட்டும், தயவுசெய்து வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள்.